புருஷன் பெண்டாட்டி ஆபீஸ்

சர்க்காருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்துவிட்டால் அதைத் தீர்த்துக்கொள்ளாது. அதற்கென்று ஓர் ஆபீஸ் திறக்கும். 1957-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் சர்க்காருக்கு எங்கள் பாம்பன் தீவுக்காரர்களின் கல்யாணங்கள்மேல் சந்தேகம் வந்தது. எவனோ ஒருவன் எவளையோ தன் பெண்டாட்டி என்று சொல்லி இலங்கைக்குக் கப்பலேற்றிக் கூட்டிப்போய்விட்டானாம். அவன் புண்ணியத்தில், இலங்கையில் புருஷன் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் தாங்கள் பெண்டாட்டிதான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

மண்டபத்தில் பழைய உப்புக் கிட்டங்கிக் கட்டடம் ஒன்றை வெள்ளையடித்து, ‘கடல்கடந்த குடும்ப உறவு மெய்ப்பிப்புத் தனி அலுவலகம்’ என்று பலகை மாட்டினார்கள். சுவர் போதாமல் ‘தனி அலுவலகம்’ மட்டும் மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. எங்கள் சனங்களுக்கு அவ்வளவு நீளப் பேரைச் சொல்ல நேரம் ஏது? புருஷன் பெண்டாட்டி ஆபீஸ் என்று வைத்துவிட்டார்கள். தபால்காரரும் அப்படித்தான் சொன்னார்.

என் பெயர் சந்தியாகு. தங்கச்சிமடம் கடைத்தெருவில் இருக்கும் ஆரோக்கியமாதா போட்டோ நிலையம் என்னுடையது. கோயில் வாசலில் எடுக்கிற கல்யாணப் படமும், கல்யாணமான எட்டாம் நாள் ஸ்டூடியோவில் எடுக்கிற ஜோடிப் படமும்தான் பிழைப்பு. எட்டாம் நாள் வருகிற மாப்பிள்ளைக்கு ஸ்டூடியோ கோட்டை மாட்டி, ஸ்டூடியோ கைக்கடிகாரத்தைக் கட்டி நாற்காலியில் உட்காரவைப்பேன். பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, காகிதப்பூ ஜாடிமேல் ஒரு கையை வைக்கச் சொல்வேன். பின்னால் திரைச்சீலையில் மாடிப்படி, குளம், குளத்தில் இரண்டு அன்னம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, “மூச்சைப் பிடிங்க” என்பேன். பிடிப்பார்கள். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர்கள்; விடச் சொல்ல நான் மறந்துவிட்டால் சாப்பாட்டு வேளைவரை அப்படியே இருப்பார்கள்.

புருஷன் பெண்டாட்டி ஆபீஸுக்கு ஜோடிப் படம் கட்டாயம் என்று கேள்விப்பட்ட அன்று நான் மாதாவுக்கு ஒரு பெரிய மெழுகுவத்தி ஏற்றினேன். அந்த மெழுகுவத்தியை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் என் சொந்தத் தங்கச்சியே அந்த ஆபீஸில் மாட்டிக்கொண்டாள். யாகப்பம்மாளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். புருஷன் சவேரியார் தலைமன்னார் துறைமுகத்தில் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவில் வருவார். கல்யாணத்துக்கு வந்ததையும் சேர்த்து அவர்கள் ஒரு கூரையின் கீழ் இருந்தது முப்பது நாள். அந்த முப்பது நாளை வைத்துக்கொண்டே அவள் ஐந்து வருஷம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது அங்கே அவர் ஒரு வீடு பார்த்துவிட்டார். குடும்பத்தை அழைத்துக்கொள்ள இலங்கை சர்க்காரும் அனுமதி கொடுத்துவிட்டது. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அவள் அங்கே போய் இறங்க வேண்டும். தவறினால் அனுமதி ரத்து. இனி எவருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவள் கப்பலேற வேண்டுமானால் மண்டபத்து ஆபீஸின் சான்று வேண்டும்.

பங்குச் சாமியாரிடம் கல்யாணப் பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு நானும் அவளும் ரயிலேறி மண்டபம் போனோம். தலைமைக் குமாஸ்தா மீரா சாகிபு கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர். ஆனால் விதியை வாசிக்கும்போது குரலை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். அவர் எங்களைத் தனி அதிகாரியிடம் அழைத்துப்போனார். அதிகாரி வடக்கு ஜில்லாவிலிருந்து வந்தவர். பதிவேட்டு நகலை மூன்று முறை படித்தார்.

“சாமியார் என்ன எழுதியிருக்கார்? ஐம்பத்திரண்டாம் வருஷம் மே மாசம் பதினாலாம் தேதி இவங்க புருஷன் பெண்டாட்டி ஆனாங்கன்னு எழுதியிருக்கார். நான் ஒத்துக்கறேன். அன்னிக்கு ஆனாங்க. இன்னிக்கும் அப்படியே இருக்காங்கங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?”

“வேற எப்படி சார் இருப்போம்?” என்றாள் யாகப்பம்மாள். கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“உள்ளே போடு, உள்ளே போடு. தாலி தட்டானுக்கு ஆதாரம். எனக்கு ஆதாரம் படம். முப்பது நாளைக்கு மேற்படாத படம். புருஷனும் நீயும் சேர்ந்து இருக்கணும், பார்த்தவுடனே எனக்குப் புருஷன் பெண்டாட்டின்னு தோணணும்.”

“அவுக தலைமன்னார்ல இருக்காக சார். அவுக கூடச் சேந்து நிக்க முடிஞ்சா நான் எதுக்கு இங்கன வந்து நிக்கிறேன்?”

அதிகாரி பேனாவை எடுத்தார். ‘கணவரோடு சேர்ந்து இருக்க இயலவில்லை என்று மனுதாரரே ஒப்புக்கொள்கிறார்’ என்று எழுதி, கீழே கோடு போட்டு, அவளிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

சவேரியாருக்குக் கடிதம் போட்டோம். ஜூலை இருபதாம் தேதி பத்து நாள் லீவில் வருகிறேன், படம் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன் என்று பதில் வந்தது. அதுவரை மற்றவர்களுக்குப் படம் எடுத்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லீவில் வந்த புருஷன்மாரும் காத்திருந்த பெண்டாட்டிமாரும் ஸ்டூடியோ வாசலில் வரிசையில் நின்றார்கள்.

முதல் வாரம் எட்டாம் நாள் பாணியிலேயே எடுத்தேன். அத்தனையும் திரும்பி வந்தன. ‘ஆண் உட்கார்ந்திருக்க, பெண் நிற்கிறாள். எஜமானும் வேலைக்காரியுமாக இருக்கக்கூடும்.’ சரியென்று பெண்ணை உட்காரவைத்து ஆணை நிற்கவைத்தேன். ‘நோயாளியும் வைத்தியரும்.’ இருவரையும் நிறுத்தினேன். ‘ரயிலுக்குக் காத்திருக்கும் அந்நியர்கள்.’ இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தேன். ‘மேற்படி ரயில் இன்னும் வரவில்லை.’ கடைசியில் வெறுத்துப்போய்ப் புருஷன் கையைப் பெண்டாட்டியின் தோளில் வைத்தேன். அதற்கு மட்டும் குறிப்பு நீளமாக இருந்தது. பலவந்தமாகக் கடத்திச் செல்கிறானா என்று போலீஸ் மூலம் விசாரிக்க வேண்டுமாம். நல்லவேளையாக அந்தத் தாளை மீரா சாகிபு தன் மேஜையிலேயே அமுக்கிவிட்டார்.

மே மாதம் அதிகாரி என்னை நேரில் வரச் சொன்னார். மேஜைமேல் முப்பத்தொரு ஜோடிப் படங்களைச் சீட்டுக்கட்டுபோல் பரப்பி வைத்திருந்தார். முகத்தில் ஒரு பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை.

“சந்தியாகு, இந்த ஆளை எத்தனை நாளாத் தெரியும்?”

“எந்த ஆளை சார்?”

“இந்த ஆளைத்தான்! முப்பத்தொரு படத்திலேயும் ஒரே கோட்டு. இடது பக்கம் மேலேயிருந்து ரெண்டாவது பித்தான் இல்லை. ஒரே கடிகாரம், எல்லாத்திலேயும் பத்து பத்து மணி. ஒரே வீடு, ஒரே மாடிப்படி. தோட்டத்துக் குளத்திலே அதே ரெண்டு அன்னம். முகத்தை மட்டும் எப்படியோ மாத்திக்கிறான். ஒரே ஆள் முப்பத்தொரு பெண்டாட்டியை வச்சுக்கிட்டு, தினமும் பத்து பத்துக்கு ஒவ்வொருத்தியா நிறுத்திப் படம் எடுத்துக்கறான்!”

சிரித்தால் வேலை கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். “சார், அது எங்க ஸ்டூடியோ கோட்டு. எல்லா மாப்பிள்ளைக்கும் அதைத்தான் போட்டுவிடுவேன். கடிகாரம் ஓடாது. மாடிப்படி துணியில எழுதினது. அன்னமும் அப்படித்தான்.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ இந்த ஊர்லே யாருக்கும் கோட்டு இல்லை, கடிகாரம் இல்லை, மாடி வீடு இல்லை. எல்லாம் இருக்கிற மாதிரி படத்திலே காட்டறீர். இல்லாததை இருக்கிற மாதிரி காட்டற உம்மை நம்பி, பெண்டாட்டி இருக்கான்னு மட்டும் நான் எப்படி எழுதறது?”

மறுநாள் மீரா சாகிபு ஒரு ரசீதோடு வந்து கோட்டைப் பறிமுதல் செய்துகொண்டு போனார். “தப்பா நெனச்சுக்கிராதிய தம்பி. கோட்டுக்குத் தனியா பைல் போட்டாச்சு. விசாரணை முடியிற வரைக்கும் அது எங்களோடதான் இருக்கும்” என்றார். அத்தோடு என் கல்யாண வியாபாரம் படுத்துவிட்டது. கோட்டு இல்லாமல் ஜோடிப் படம் எடுக்க எந்த மாப்பிள்ளை சம்மதிப்பான்? பாம்பனில் ஒரு மாப்பிள்ளை, கோட்டு விடுதலையாகி வரட்டும் என்று எட்டாம் நாள் படத்தை எண்பதாம் நாளுக்குத் தள்ளிப்போட்டான்.

ஜூன் மாதம் நிராகரித்த மனுக்கள் ஓர் அறையை நிறைத்துவிட்டன. அங்கீகரித்த மனு ஒன்றுகூட இல்லை. மேலிடத்திலிருந்து, ஏன் ஒரு தம்பதிகூடக் கிடைக்கவில்லை என்று கேட்டுக் கடிதம் வந்ததாம். அதிகாரி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கோட்டு சகிதம் என் ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி ராமலெட்சுமி அம்மாள் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கினார்.

“ஜனங்களைச் சொல்லிக் குத்தமில்லை, சந்தியாகு. தம்பதின்னா எப்படி இருக்கணும்னு அவங்களுக்குத் தெரியலை. யாராவது இருந்து காட்டணும். அதுக்காக ஒரு மாதிரிப் படம் எடுக்கப்போறோம்” என்றபடி அதிகாரி கோட்டைப் போட்டுக்கொண்டார். விசாரணையில் இருக்கிற கோட்டு அவருக்கு முழங்கைவரைதான் வந்தது.

“எதை இருந்து காட்டணும்?” என்று கேட்டார் அம்மாள்.

“பேசாம நில்லு.”

“பதினெட்டு வருஷமா அதானே பண்றேன்.”

நான் அம்மாளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வரச் சொன்னேன். “இங்கேதான் காத்து வருது” என்றார். அந்த இடத்தில் காற்று வர வழியே கிடையாது. சாரை அந்தப் பக்கம் நகரச் சொன்னேன். “நான் எதுக்கு நகரணும்?” என்றார் அவர். கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். இருவருமே என்னைத்தான் முறைத்தார்கள். என்னிடம் கோபித்துக்கொள்வதில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. நான் கேமராவின் ரப்பர் பல்பை அமுக்குகிற நேரத்தில் அம்மாள் திரைச்சீலையில் இருந்த அன்னங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் நேராக, லீவு மறுக்கப்பட்ட குமாஸ்தாபோல் நின்றார்.

பிரதி போட்டு அதிகாரியிடம் எடுத்துப் போனேன். இந்தப் படத்தை எந்த ஆபீஸில் கொடுத்தாலும் விவாகரத்துக் கிடைக்கும். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“பாரும். நடிப்பே இல்லை. இதுதான் தாம்பத்தியம்.”

படத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டினார்கள். கீழே ‘மெய்யான தம்பதியர்: மாதிரி’ என்று எழுதியிருந்தது. மீரா சாகிபு படத்தை ஸ்கேல் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, இருவருக்கும் நடுவே பதினாலேகால் அங்குலம் என்று குறித்துக்கொண்டார். இனிமேல் எல்லாப் படமும் இந்த இடைவெளியிலும் இந்த முகபாவத்திலும் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ‘மனைவியின் பார்வை அன்னத்தின்மேல் இருத்தல் விரும்பத்தக்கது’ என்று அதில் ஒரு வரி.

அதிலிருந்து மனுக்கள் மளமளவென்று தேறின. ஸ்டூடியோ தரையில் பதினாலேகால் அங்குலத்துக்குச் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுவிட்டேன். ஆளாளுக்குக் கோட்டில் நின்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மாமியார் வீட்டுச் சச்சரவில் இருக்கிறவர்களுக்கு ஒரே பிளேட்டில் வேலை முடிந்தது. அப்போதுதான் கல்யாணமான ஜோடிகள்கூட, பின்னால் எதற்கும் உதவும், ஆபீஸ் மாதிரியே எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். அந்த வருஷம் எங்கள் தீவில் கல்யாணமான எல்லாரும் எட்டாம் நாளே ஒருவரையொருவர் வெறுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை இருபதாம் தேதி சவேரியார் வந்து இறங்கினார். தங்கச்சி மூன்று நாளாகத் தூங்கவில்லை. மறுநாள் காலையிலேயே இருவரையும் ஸ்டூடியோவில் சாக்பீஸ் கோட்டில் நிறுத்தினேன்.

“மாப்பிள்ளை, கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க.”

“அங்கனதான் மச்சான் நிக்கேன்.”

நிற்கத்தான் நின்றார். கால் கோட்டில் இருந்தது, உடம்பு முழுக்க இவள் பக்கம் சாய்ந்திருந்தது. இவளோ அன்னத்தைப் பார்க்கச் சொன்னால் அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வாய் காதுவரை கிடந்தது. நான்கு பிளேட் வீணாயிற்று. இருப்பதில் சுமாரான ஒன்றை எடுத்துக்கொண்டு மண்டபம் போனோம்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். சவேரியாரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு என் தங்கச்சியிடம் கேட்டார்:

“கல்யாணமாகி அஞ்சு வருஷம்ங்கறே. அஞ்சு வருஷமானவன் பெண்டாட்டியை இப்படிப் பார்ப்பானாம்மா? எனக்கும் கல்யாணம் ஆயிருக்கு. பயப்படாமச் சொல்லு, இந்த ஆள் யாரு?”

சவேரியார் அடிக்கப் போய்விட்டார். நான் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் படமும் திரும்பியது; ‘கள்ளத்தனமான மகிழ்ச்சி’ என்று குறிப்பு. மூன்றாம் படத்தில் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ‘சிரிப்பை அடக்குவது கண்களில் தெரிகிறது.’ இப்படியே ஒன்பது நாள் போய்விட்டது. பத்து நாள் லீவில் ஒன்பது நாளை ஸ்டூடியோவிலும் மண்டபம் ரயிலிலும் கழித்த புருஷன் பெண்டாட்டி உலகத்தில் இவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். பத்தாம் நாள் சாயங்காலம் அவர் கப்பல். அன்று காலையில் படம் தேறாவிட்டால் தங்கச்சி இந்தக் கரையில்தான் கிடக்க வேண்டும்.

“தயவுசெஞ்சு சண்டை போடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

“எதுக்குண்ணே சண்டை?” என்றாள் அவள்.

“எதுக்காவது போடு ஆத்தா. மீன் கொழம்புல உப்பு இல்லைன்னு போடு.”

சவேரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதட்டினார்: “ஏளா, நேத்து கொழம்புல உப்பே இல்ல!”

“மூணு தடவ ஊத்திக் குடிச்சீகளே, அப்ப நாக்கு எங்க போச்சு?” அவ்வளவுதான், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மறுபடி முயன்றார்கள். சவேரியார் மார்பை நிமிர்த்தி, “போ புள்ள, நான் அங்கன உன்னைய நெனக்கவே இல்ல” என்றார்.

“நெனச்சிருந்தா எங்க அய்யா சாவுக்கு வந்திருப்பீகள்ல” என்றாள் யாகப்பம்மாள், சிரித்துக்கொண்டேதான். சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நான் கறுப்புத் துணிக்குள் இருந்தேன். கேமராக் கண்ணாடியில் இருவரும் தலைகீழாகத் தெரிந்தார்கள்.

“லீவு குடுக்கல. ஒனக்குத் தெரியும்ல” என்றார் அவர், மெதுவாக.

“தெரியும். எங்க அய்யாவுக்குத் தெரியாதே. மாப்பிள்ளை வந்துட்டாரா, மாப்பிள்ளை வந்துட்டாரான்னு மூணு நாள் கேட்டுச்சு. இந்தா கப்பல் வந்துருச்சு, இந்தா பாம்பன்ல எறங்கிட்டாகன்னு நான் பொய்யா சொல்லிக்கிட்டே கெடந்தேன். நாலாம் நாளு கேக்கல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு இறுகி, கண் சிவந்து, இத்தனை வருஷத்துக் கோபமும் அந்த முகத்தில் வந்து நின்றது. செத்தது என்னையும் பெற்ற அய்யாதான். துணியை உதறிவிட்டுப் போய் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். இருவருக்கும் நடுவே பதினாலேகால் அங்குலம் சரியாக இருப்பது கண்ணில் பட்டது. நான் பல்பை அமுக்கினேன். அமுக்கிவிட்டு, துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டுத்தான் வெளியே வந்தேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

படம் ஈரம் காயும் முன்பே தேறிவிட்டது. “அடடா, அடடா” என்றார் அதிகாரி. மீரா சாகிபுவைக் கூப்பிட்டுக் காட்டினார். “எத்தனை வருஷ வாழ்க்கை இந்த முகத்திலே தெரியறது பாரும்! இது மொதல்லேயே கிடைச்சிருந்தா நான் என் சம்சாரத்தை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கவே வேண்டாம்.”

சவேரியார் அன்று சாயங்காலக் கப்பலில் போனார். போகும்போது தங்கச்சி தலையில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். சான்றுக்கு முத்திரை குத்த ஒரு மாதமாயிற்று. ஆகஸ்ட் முப்பதாம் தேதி வந்து சேர்ந்தது. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை: ‘இச்சான்று படத்தில் உள்ள முகத்துக்கு மட்டுமே செல்லும்.’

மறுநாள் தனுஷ்கோடித் துறையில் கப்பல் நின்றது. அனுமதி அன்றோடு முடிகிறது. யாகப்பம்மாள் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கருப்பட்டியும் கருவாடும் ஒரு பெட்டியில் நிறைத்துக்கொண்டு நின்றாள். காற்று மணலை வாரி இறைத்தது; அவள் அதைக்கூட ரசித்தாள். எனக்கு அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகுநாளாயிற்று. கப்பலடியில் மேஜை போட்டுத் தனி அதிகாரி தாமே சான்றுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீரா சாகிபு மைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இவங்க இல்லை.”

“சார், என் தங்கச்சி சார்! நான்தானே படம் எடுத்தேன்!”

“படத்திலே இருக்கிறது குடும்பப் பெண். அந்த முகம் எனக்கு மனப்பாடம். இது யாரோ சிரிச்ச முகம். சான்று படத்திலே உள்ள முகத்துக்குத்தான் செல்லும்.”

“ஏத்தா, மூஞ்சியச் சுளி ஆத்தா” என்று கெஞ்சினேன். அவள் சுளித்தாள். சுளித்த மறுகணமே கப்பலைப் பார்த்துவிட்டாள், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள், கண் சிரித்தது. கப்பலில் முதல் சங்கு ஊதினார்கள்.

“அடுத்த ஆள்” என்றார் அதிகாரி.

“சார், அனுமதி இன்னையோட முடியுது சார். விட்டா அவ இனிமே போகவே முடியாது.”

“ஏன் முடியாது? புதுசா மனு போடட்டும். பரிசீலிப்போம்.” பிறகு அவர் என் தங்கச்சியைப் பார்த்து, தகப்பன் புத்தி சொல்கிற மாதிரி ஆரம்பித்தார்: “எதுக்கும்மா இப்படிப் பறக்கறே? அஞ்சு வருஷம் இருந்தே. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கக் கூடாதா? புருஷன் அங்கேயும் பெண்டாட்டி இங்கேயுமா இருக்கறதுலே எத்தனை சௌகரியம் இருக்கு, உனக்குத் தெரியலை. என் சம்சாரம் தாயார் வீட்டுக்குப் போயி ஒரு மாசமாச்சு. வரமாட்டேன்னு எழுதிட்டா. வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா? வேளைக்கு ஆபீஸ், வேளைக்குத் தூக்கம். நானெல்லாம் சந்தோஷமா இல்லையா?”

யாகப்பம்மாள் வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. உதடு இறுகியது. கண் சிவந்தது. ஐந்து வருஷம், ஒன்பது நாள் லீவு, அய்யாவின் மூன்று நாள், எல்லாவற்றையும் சேர்த்து அவள் அந்த மனுஷரைப் பார்த்தாள். பார்வைக்கு எரிக்கிற சக்தி இருந்திருந்தால் மேஜையும் மைப்பெட்டியும்கூட மிஞ்சியிருக்காது. மீரா சாகிபு மெல்ல நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதிகாரி அவசரமாகப் படத்தைத் தூக்கி அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணை ஒப்பிட்டார், மூக்கை ஒப்பிட்டார், உதட்டை ஒப்பிட்டார். அவர் முகம் மலர்ந்தது. முத்திரையை மையில் தொட்டு ஓங்கிக் குத்தினார்.

அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் கப்பலேறினாள்.

“பார்த்தீரா, சந்தியாகு?” என்றார் அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “புருஷன் பேச்சை எடுத்ததும் அந்தப் பொண்ணு முகத்திலே எவ்வளவு பாசம்!”